அமெரிக்காவில் புது ஆர்வி டிரெய்லர்: டீலரிடம் நியாயமான விலை பேசுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் வாங்கும்போது சளைக்காமல் பேரம் பேசுகிற நம் ஆட்கள்கூட ஆர்வி டிரெய்லர் (படுக்கை, சமையலறையோடு வண்டியில் இழுத்துச் செல்லும் வீடு) வாங்கப் போனால் தடுமாறிப்போகிறார்கள். காருக்கு எது நியாயமான விலை என்று ஓரளவு தெரியும், டிரெய்லருக்குத் தெரியாது. நான் இதுவரை இரண்டு டிரெய்லர் வாங்கியிருக்கிறேன். முதலாவதில் ஆயிரக்கணக்கான டாலரை வீணாகக் கொடுத்தேன். இரண்டாவதை நல்ல விலைக்கு வாங்கினேன். அப்புறம் நண்பர்கள் வாங்கும்போது துணைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவைதான் இந்தக் கேள்விகள். வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் டிராவல் டிரெய்லர், பிக்கப் டிரக்கின் தொட்டிக்குள் மாட்டும் ஃபிஃப்த் வீல் இரண்டுக்கும் இது பொருந்தும்.

விலை பேசுவதற்கு முன் பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு, உங்கள் வண்டி. ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஒரு மஞ்சள், வெள்ளை ஸ்டிக்கர் தெரியும். ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்த்து எத்தனை பவுண்டு ஏற்றலாம் என்று அதில் போட்டிருக்கும். டிராவல் டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் உங்கள் வண்டியின் கொக்கி மேல்தான் இறங்கும், ஃபிஃப்த் வீலில் இன்னும் அதிகம். சாமான் ஏற்றியபின் 7,000 பவுண்டு வரும் டிராவல் டிரெய்லர் என்றால் 700 முதல் 1,050 பவுண்டு. அதோடு குடும்பத்தையும் கூட்டிப் பாருங்கள். "உங்க டிரக் தாராளமா இழுக்கும் சார்" என்று விற்பனையாளர் சொன்னால் கணக்கை நீங்களே போடுங்கள். டிரெய்லரில் நாலாயிரம் டாலர் மிச்சப்படுத்திவிட்டு, அதை இழுக்கப் புது டிரக் வாங்க நேர்ந்தால் அந்தப் பேரத்துக்கு அர்த்தமே இல்லை.

எம்.எஸ்.ஆர்.பி. (உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் விலை) என்று ஒட்டியிருக்கிறார்களே, அதை எவ்வளவு நம்பலாம்?

கார் கண்ணாடியில் விலைச்சீட்டு ஒட்ட வேண்டும் என்பது 1958-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம். அது கார்களுக்குத்தான், டிரெய்லருக்கு இல்லை. காருக்கு டீலர் என்ன கொடுத்து வாங்கியிருப்பார் என்று தேடினால் ஒரு தோராயமாவது கிடைக்கும். டிரெய்லருக்கு அப்படி நம்பகமான பொதுப் பட்டியல் கிடையாது. அதனால் அந்தச் சீட்டில் இருப்பது, தள்ளுபடி கொடுப்பதற்கென்றே ஏற்றி வைத்த தொகை என்று எடுத்துக்கொள்வது நல்லது. "பத்தாயிரம் டாலர் குறைச்சிருக்கோம்" என்று சிவப்பு மையில் எழுதியிருப்பார்கள். எதிலிருந்து குறைத்தார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும். அதே மாடலை இன்னொரு டீலர் என்ன விலைக்குத் தருகிறார் என்பதே நமக்கு உதவும் எண்.

அப்படியானால் எத்தனை சதவீதம் தள்ளுபடி நியாயம்?

சாதாரணக் காலத்தில், அதிகம் விற்கும் டிராவல் டிரெய்லர்களுக்கு எம்.எஸ்.ஆர்.பி.யிலிருந்து 20 முதல் 30 சதவீதம் குறைவது வழக்கம். 42,000 டாலர் என்று போட்டிருந்தால் 25 சதவீதத்தில் 31,500, 30 சதவீதத்தில் 29,400. ஏர்ஸ்ட்ரீம் மாதிரியான பிராண்டுகளில் இவ்வளவு எதிர்பார்க்க முடியாது. அவற்றின் டீலர்கள் எண்ணிக்கையும் குறைவு, மறுவிற்பனை மதிப்பும் அதிகம்.

ஆனால் காலத்தைப் பொறுத்து இது நிறைய மாறும். கொரோனா காலத்தில் எல்லோரும் டிரெய்லர் வாங்க ஓடினார்கள். 2021-இல் தொழிற்சாலைகளிலிருந்து டீலர்களுக்குப் போன ஆர்விகள் சுமார் 6 லட்சம், அதுவரை இல்லாத எண்ணிக்கை. அப்போது தள்ளுபடி என்ற பேச்சே இல்லை. 2023-இல் அது சுமார் 3.13 லட்சமாகச் சரிந்தது. டீலர்களின் மைதானம் நிரம்பி வழிந்தது, பேரம் பேசுபவரின் கை மறுபடி ஓங்கியது. இணையத்தில் யாரோ ஒருவர் "எனக்கு 35 சதவீதம் கிடைத்தது" என்று எழுதியிருந்தால், எந்த வருடம் வாங்கினார் என்று முதலில் பாருங்கள்.

சந்தை விலையை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆர்வி டிரேடர் மாதிரியான தளத்தில் மாடல் எண்ணை அப்படியே போட்டு, தூர வரம்பை எடுத்துவிட்டு, நாடு முழுக்கத் தேடுங்கள். புதியது மட்டும், ஒரே மாடல் ஆண்டு. பத்துப் பதினைந்து விளம்பரங்களைப் பார்த்தாலே விலை எங்கே கூடி நிற்கிறது என்று புரிந்துவிடும். மிகக் குறைந்த விலையைப் பார்த்ததும் சந்தோஷப்பட வேண்டாம். கட்டணங்களை விளம்பரத்தில் சேர்க்காமல் பின்னால் ஏற்றுபவர்களும் அந்த வரிசையில் இருப்பார்கள்.

இந்தத் தொழிலின் அமைப்பு நமக்குச் சாதகமானது. அமெரிக்க ஆர்விகளில் பெரும்பாலானவை இண்டியானாவில் எல்கார்ட் நகரத்தைச் சுற்றியே தயாராகின்றன. ஜேகோ, கீஸ்டோன், ஏர்ஸ்ட்ரீம் மூன்றும் தோர் நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. ஃபாரஸ்ட் ரிவர் பெர்க்ஷயர் ஹாத்தவேயின் கையில். ஒரே குழுமத்துக்குள் ஏறக்குறைய அதே தரைத்திட்டம் (உள்ளறைகளின் அமைப்பு) வேறு பெயர்ப்பலகையோடு விற்பதும் உண்டு. உங்களுக்குப் பிடித்த டிரெய்லருக்கு ஒரு 'சகோதரி' இருக்கிறதா என்று பாருங்கள். அதை விற்கும் டீலரையும் விலை கேட்டால் போட்டி இன்னும் கூடும்.

அப்புறம் நான்கைந்து டீலர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். மாடல், ஆண்டு, உங்கள் ஜிப் கோடு, எந்த மாநிலத்தில் பதிவு செய்யப் போகிறீர்கள், இவை போதும். "எல்லாக் கட்டணமும் வரியும் சேர்த்து அவுட்-தி-டோர் விலையை வரிவரியாக எழுதி அனுப்புங்கள், ஏற்றுக்கொள்ளும்படி இருந்தால் இந்த வாரமே வருகிறேன்" என்று கேளுங்கள். "நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்று மட்டும் பதில் சொல்லும் டீலரை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன். எழுத்தில் தர மறுக்கும் விலை, மேசைக்கு எதிரே உட்கார்ந்ததும் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அவுட்-தி-டோர் விலை என்றால் சரியாக என்ன?

சாவியை வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது உங்கள் கையை விட்டுப் போயிருக்கும் மொத்தப் பணம். டிரெய்லர் விலை, சரக்குக் கட்டணம், தயாரிப்புக் (பிரெப்) கட்டணம், ஆவணக் கட்டணம், வரி, பதிவு எல்லாம் அதில் அடக்கம். பேரம் இந்த ஒரு தொகையின் மேல்தான் நடக்க வேண்டும். டிரெய்லர் விலையில் ஆயிரம் குறைத்துவிட்டுத் தயாரிப்புக் கட்டணத்தில் ஆயிரத்து ஐந்நூறு ஏற்றினால் தொகையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். தனித்தனியாகப் பேசினால் தெரியாது.

இந்தக் கட்டணங்களில் எவை நியாயம், எவற்றை எதிர்க்கலாம்?

சரக்குக் கட்டணம் என்பது தொழிற்சாலையிலிருந்து டீலரிடம் டிரெய்லர் வந்து சேர்ந்த செலவு. செலவு உண்மைதான். ஆனால் பல டீலர்கள் அதை விளம்பர விலையிலேயே சேர்த்துவிடுகிறார்கள், சிலர் தனியாக வசூலிக்கிறார்கள். எல்கார்டிலிருந்து 200 மைலில் இருக்கும் டீலரும் 2,000 மைலில் இருப்பவரும் ஒரே தொகையைச் சொன்னால் கேள்வி கேட்கலாம்.

தயாரிப்புக் கட்டணம்தான் பெரிய சண்டை நடக்கும் இடம். வந்த டிரெய்லரைக் கழுவி, தண்ணீர்க் குழாய், எரிவாயு, மின்சாரம் எல்லாவற்றையும் சோதித்து ஒப்படைப்பதற்கு என்பார்கள். விற்கும் பொருள் வேலை செய்கிறதா என்று பார்ப்பது விற்பவரின் கடமை, அதற்குத் தனியாக 1,500 டாலர் எதற்கு என்பது என் கருத்து. அச்சடித்த படிவத்தில் இருப்பதால் "இதைக் குறைக்க முடியாது" என்பார்கள். சரி, கட்டணத்தைத் தொட வேண்டாம், அதே அளவு டிரெய்லர் விலையில் குறையுங்கள் என்று சொல்லுங்கள்.

காகித வேலைக்கென்று டீலர் வாங்கும் ஆவணக் கட்டணத்துக்குச் சில மாநிலங்களில் உச்சவரம்பு உண்டு. ஃப்ளோரிடா மாதிரி வரம்பே இல்லாத மாநிலங்களில் அது நூறுகளில் ஏறிக்கிடக்கும். வரியும் பதிவும் அரசுக்குப் போவது, அதில் பேச ஒன்றுமில்லை.

பேட்டரி, எரிவாயு உருளை நிரப்புவது, எடையைச் சமன்படுத்தும் ஹிட்ச், கழிவுநீர்க் குழாய் ஆகியவையும் விலையில் சேர்ந்தவையா என்று முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். பேட்டரி இல்லாமல் தொழிற்சாலையிலிருந்து வரும் டிரெய்லர்கள் நிறைய.

"மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்று கேட்டால் என்ன சொல்வது?

பதில் சொல்லாதீர்கள். "முதலில் மொத்த விலை, கடன் பிறகு" என்று மட்டும் சொல்லுங்கள்.

நான் முதல் முறை மாட்டிக்கொண்டது இங்கேதான். விற்பனையாளர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். தடித்த மார்க்கரால் குறுக்கும் நெடுக்கும் இரண்டு கோடு. நான்கு கட்டங்கள்: டிரெய்லர் விலை, என் பழைய டிரெய்லருக்கான மதிப்பு என்று ஒன்று, முன்பணம், மாதத் தவணை. மாற்றிக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை என்றதும் அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு, மாதத் தவணைக் கட்டத்தை மட்டும் வட்டமிட்டார். 340 என்று எழுதினார். நான் முகம் சுளித்தேன். அதை அடித்துவிட்டு 310. மேலாளரிடம் போய்வந்து 289. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் நான் ஜெயிப்பதாக நினைத்துக்கொண்டேன். விலைக் கட்டம் ஒரு டாலர்கூட மாறவில்லை. மாறியது கடனின் ஆண்டுகள் மட்டும்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை, மறைத்தது என் கண் முன்னாலேயே.

இந்தக் கணக்கைப் பாருங்கள். 8.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். 30,000 டாலரை 15 ஆண்டில் அடைத்தால் மாதம் சுமார் 295. இப்போது டீலர் விலையை 3,000 ஏற்றி 33,000 ஆக்கி, 20 ஆண்டுக் கடனாக மாற்றுகிறார். மாதத் தவணை சுமார் 286. விலை ஏறியிருக்கிறது, தவணை குறைந்திருக்கிறது! முதல் வழியில் மொத்தம் சுமார் 53,200 டாலர் கட்டுவீர்கள். இரண்டாவதில் சுமார் 68,700. அதே 30,000-ஐப் பத்தாண்டில் அடைத்தால் மாதம் 372 வரும், மொத்தம் 44,600-தான். டிரெய்லரின் மதிப்பு வேகமாக இறங்கும் என்பதால், நீண்ட கடனில் பல ஆண்டுகளுக்கு அதன் சந்தை மதிப்பைவிடக் கடன் பாக்கி அதிகமாக இருக்கும். இடையில் விற்க நினைத்தால் கையிலிருந்து பணம் போட்டு விற்க வேண்டிவரும்.

ரொக்கமாகக் கொடுத்தால் அதிகம் குறைப்பார்களா?

பொதுவாக இல்லை. கடன் ஏற்பாட்டில் டீலருக்கு வருமானம் உண்டு. வங்கி தரும் வட்டிக்கு மேல் கொஞ்சம் ஏற்றி நமக்குச் சொல்லி, அந்த வித்தியாசத்தில் பங்கு பெறுவார்கள். எனவே ரொக்கம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் விலையில் இறங்க மனமிருக்காது. உங்கள் கிரெடிட் யூனியனில் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி வையுங்கள், ஆனால் விலை முடியும்வரை வெளியே எடுக்க வேண்டாம். முடிந்தபின் அதைவிடக் குறைந்த வட்டி தந்தால் டீலரின் கடனையே எடுக்கலாம். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்பதைக் கேட்டுவிட்டு.

எந்த மாதத்தில் வாங்கினால் நல்லது?

செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை. குளிர் அதிகமுள்ள மாநிலங்களில் இது இன்னும் பலிக்கும்.

காரணம் தெரிந்தால் பேசுவது சுலபம். மைதானத்தில் நிற்கும் டிரெய்லர்களை டீலர் பெரும்பாலும் சொந்தப் பணத்தில் வாங்குவதில்லை. ஃப்ளோர் பிளான் என்ற கடனில் வாங்குகிறார். டிரெய்லர் நிற்கும் ஒவ்வொரு நாளும் வட்டி ஓடும். குறிப்பிட்ட மாதங்கள் தாண்டினால் அசலிலும் ஒரு பகுதியைக் கட்டச் சொல்வார்கள். புது மாடல் ஆண்டு டிரெய்லர்கள் வந்து இறங்கிய பிறகும் பழைய ஆண்டுடையது நின்றால் அவருக்கு வலி இரட்டிப்பு. அப்படி நிற்கும் ஒன்றைத் தேடிப் பிடிப்பதுதான் நல்ல விலைக்கு நேர்வழி.

எவ்வளவு நாளாக நிற்கிறது என்று எப்படித் தெரியும்? டிரெய்லரின் இடது பக்கம், முன்பாதியில், வெளிச்சுவரில் ஒரு சிறு சான்றுச் சீட்டு ஒட்டியிருக்கும். தயாரித்த மாதமும் ஆண்டும் அதில் இருக்கும். டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. எழுத்துகளுக்குப் பின் கடைசி நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 3223 என்றால் 2023-இன் 32-வது வாரம். வருடக்கணக்கில் வெயிலில் நின்ற டயர் என்றால் புது டயர் கேட்கலாம், இல்லை விலையில் குறைக்கச் சொல்லலாம். ஆனால் ஒன்று, முந்தைய மாடல் ஆண்டை வாங்கினால் மறுவிற்பனையில் ஒரு வயது கூடுதலாகவே கணக்கிடுவார்கள். தள்ளுபடி அதற்கும் சேர்த்து இருக்க வேண்டும்.

ஆர்வி கண்காட்சிகளில் விலை உண்மையிலேயே குறைவா?

செப்டம்பரில் பென்சில்வேனியாவின் ஹெர்ஷி, ஜனவரியில் ஃப்ளோரிடாவின் டாம்பா ஆகிய இரண்டும் பெரியவை. ஒரே நாளில் ஐம்பது தரைத்திட்டத்துக்குள் ஏறி இறங்க இதைவிட நல்ல இடம் இல்லை. படுக்கையில் படுத்துப் பாருங்கள், குளியலறையில் நின்று கையைத் தூக்கிப் பாருங்கள். விலையும் சில சமயம் நன்றாகவே இருக்கும். "இந்த விலை இன்னிக்கு மட்டும்" என்பதை மட்டும் நம்ப வேண்டாம். மூன்று நாளில் திருப்பித் தரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். டீலரின் கடையில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் அப்படி ஓர் உரிமை கிடையாது.

ஐந்நூறு மைல் தள்ளி இருக்கும் டீலர் நாலாயிரம் குறைவாகத் தருகிறார். போகலாமா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. ஒரே பதில் கிடையாது.

புது டிரெய்லரில் முதல் வருடம் ஏதாவது பழுது வரும், வந்தே தீரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சரிசெய்வது டீலரின் பட்டறை. உற்பத்தியாளரின் உத்தரவாதம் நாடு முழுக்கச் செல்லும் என்றாலும் டீலர்கள் தனித்தனி முதலாளிகள். தங்களிடம் வாங்கியவர்களை முதலில் கவனிப்பார்கள். வேறிடத்தில் வாங்கியவரைக் கோடைக்காலத்தில் வாரக்கணக்கில் காக்க வைப்பதும், உத்தரவாத வேலையை மறுப்பதும் நடக்கிறது. உள்ளூர்ப் பட்டறைக்குப் போன் போட்டு, "உங்களிடம் வாங்காத டிரெய்லருக்கு உத்தரவாத வேலை செய்வீர்களா, எத்தனை வாரம் ஆகும்?" என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

நான் செய்தது: தூரத்து டீலரின் எழுத்து விலையை உள்ளூர் டீலரிடம் காட்டினேன். "இதே விலை கேட்கவில்லை. இதைவிட ஆயிரம் அதிகம் தருகிறேன், ஏனென்றால் பழுது என்றால் உங்களிடம்தான் வருவேன்" என்றேன். ஒரு மணி நேரத்தில் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஆயிரம் டாலர் வீணாகப் போனதாக நான் நினைக்கவில்லை. டீலரும் பிழைக்க வேண்டும். நியாயமான விலை என்றால் நம் பக்கம் மட்டும் நியாயம் இல்லை.

பழைய டிரெய்லரை மாற்றிக் கொடுக்கலாமா?

புதியதன் விலையை முடித்துவிட்டு அதற்குப் பிறகு பழையதைப் பேசுங்கள். ஜே.டி. பவர் தளத்தில் மதிப்பைப் பார்த்துக்கொண்டு போங்கள். நீங்களே விற்றால் அதிகம் கிடைக்கும். ஆனால் பல மாநிலங்களில் மாற்றிக் கொடுத்தால் வித்தியாசத் தொகைக்கு மட்டும் வரி, அந்தச் சேமிப்பையும் கணக்கில் சேருங்கள். கலிஃபோர்னியாவில் இந்தச் சலுகை இல்லை.

மாண்டானாவில் நிறுவனம் தொடங்கிப் பதிவு செய்தால் வரியே இல்லையாமே?

மாண்டானாவில் விற்பனை வரி இல்லை என்பது உண்மை. ஆனால் டிரெய்லர் இருப்பதும் ஓடுவதும் உங்கள் மாநிலத்தில் என்றால் அங்கே வரி கேட்டு அபராதத்தோடு கடிதம் வரலாம். நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

கடன் அறையில் நீட்டும் கூடுதல் திட்டங்களை வாங்க வேண்டுமா?

விலை முடிந்ததும் வேறோர் அறைக்கு அழைத்துப் போவார்கள். நீட்டித்த சேவை ஒப்பந்தம், டயர் பாதுகாப்பு, துணிப் பூச்சு, கேப் காப்பீடு (டிரெய்லர் முழுக்க நாசமானால் அதன் மதிப்புக்கும் கடன் பாக்கிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தருவது) என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் "மாதத்துக்கு 18 டாலர்தான்" என்று சொல்வார்கள். 15 வருடத்துக்கு 18 டாலர் என்றால் 3,240. பூச்சுகளை நான் வேண்டாம் என்பேன். சேவை ஒப்பந்தத்தின் விலையிலும் பேரம் உண்டு. பெரும்பாலும் அன்றே வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒப்பந்தத்தின் நகலை வீட்டுக்கு எடுத்துப்போய், எதற்கெல்லாம் பணம் தர மாட்டார்கள் என்ற பகுதியைப் படியுங்கள்.

டிரெய்லரை நமக்காகப் பிடித்து வைக்க முன்பணம் எவ்வளவு கொடுக்கலாம்?

ஐந்நூறு டாலர் போதும். "திருப்பித் தரப்படும்" என்று ரசீதில் எழுதி வாங்கி, கிரெடிட் கார்டில் கொடுங்கள்.

ஒப்படைக்கும் நாளில் என்ன பார்க்க வேண்டும்?

முழுப்பணம் போகும்வரைதான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு. எனவே சோதனை முதலில், கையெழுத்து பிறகு. மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். தண்ணீர் இணைப்புக் கொடுத்து, அழுத்தம் ஏற்றி, எல்லாக் குழாயையும் திறந்து மூடுங்கள். சமையல் மேடைக்குக் கீழே உள்ள அலமாரியில் தலையை நுழைத்து, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த டிஷ்யூ தாளால் துடைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவு தாளில் தெரியும். என் இரண்டாவது டிரெய்லரில் வெந்நீர்க் குழாயின் திருகு அரைச்சுற்று தளர்ந்திருந்தது அப்படித்தான் அகப்பட்டது. ஸ்லைடை (வெளியே நீண்டு இடத்தைப் பெரிதாக்கும் அறைப்பகுதி) இரண்டு முறை உள்ளே வெளியே ஓட்டுங்கள். எரிவாயு அடுப்பு, ஹீட்டர், ஏசி, ஃபிரிட்ஜ், ஆனிங் (வெளியே விரியும் நிழற்கூரை) எல்லாம் ஓட வேண்டும். ஏணி கேட்டு வாங்கிக் கூரையின் ஓரங்களில் பசை விட்டுப்போயிருக்கிறதா பாருங்கள். ஜன்னல் மூலைகளில் விரலால் அழுத்துங்கள், சுவர் மெத்தென்று இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அந்த டிரெய்லர் வேண்டாம்.

சின்னக் குறைகளைப் பட்டியலிட்டு, சரிசெய்து தருவதாகத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். பெரியது என்றால் சரிசெய்தபின் வருகிறேன் என்று கிளம்புங்கள்.

கையெழுத்துப் போடும்போது தொகை மாறியிருந்தால்?

மின்னஞ்சலில் வந்த விலையை அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். இரண்டாவது முறை எனக்கும் இது நடந்தது. ஒப்பந்தத்தின் நடுவில் "பாதுகாப்புத் தொகுப்பு 695" என்று புதிதாக ஒரு வரி. நான் குரலை உயர்த்தவில்லை. அச்சிட்ட தாளை ஒப்பந்தத்தின் பக்கத்தில் வைத்து, "இதில் இந்த வரி இல்லையே" என்றேன். "எல்லா டிரெய்லருக்கும் போடுறதுதான்" என்றார் அவர். என் மனைவி காசோலைப் புத்தகத்தைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். அவர் எழுந்து உள்ளே போனார். பத்து நிமிடத்தில் புதுத் தாள் வந்தது, அந்த வரி அதில் இல்லை.